எட்டாம் மாதத்துப் பிள்ளை

என் மகள் பிறந்ததும் பச்சைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து காட்டினார்கள். முகம், நகம், புருவம், காது மடல், எல்லாம் இருந்தன. இரண்டே கால் கிலோ என்றார்கள். ஐந்து வாரம் முந்திப் பிறக்கிற குழந்தை உள்ளங்கையில் அடங்கும், எலும்பும் தோலுமாக இருக்கும் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். இவளைப் பார்த்தால் கொஞ்சம் இளைத்த குழந்தை, அவ்வளவுதான். எனக்கு மூச்சு வந்தது. நல்லாத்தானே இருக்கா என்று கேட்டேன். குழந்தையை வைத்திருந்த சிஸ்டர் நடுத்தர வயதுக்காரர். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது.

"பாக்க முழுசாத்தான் இருக்கும், பாப்பா அப்பா. அதுலதான் எல்லாரும் ஏமாந்துடறாங்க. உள்ள இன்னும் கொஞ்சம் வேல பாக்கி இருக்கு" என்றார்.

அப்படிச் சொல்லிவிட்டு அவர் கதவுக்குள் போய்விட்டார். என்ன வேலை, எவ்வளவு பாக்கி என்று நான் கேட்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அந்த நேரத்தில் என்னைப் பிடித்த பயம் விட வெகு காலம் ஆயிற்று.

அன்று காலை நாங்கள் சாதாரண பரிசோதனைக்குத்தான் போயிருந்தோம். என் மனைவி லாஸ்பேட்டையில் ஒரு பள்ளியில் எல்கேஜி பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். நான் ஏசி மெக்கானிக். அவளுக்கு ஒரு வாரமாகக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. நின்றுகொண்டே இருக்கிற வேலை, அதனால்தான் என்று இருவரும் நினைத்தோம். டாக்டர் பிரஷரைப் பார்த்தார். மறுபடி ஒருமுறை பார்த்தார். தலைவலி உண்டா, கண் மங்கலாக இருக்கிறதா என்று கேட்டார். பிரஷர் மிகவும் ஏறியிருக்கிறது, வீட்டுக்கு அனுப்ப முடியாது, குழந்தையை உடனே எடுக்க வேண்டும் என்று சொன்னார். என் கருவிப் பை ஸ்கூட்டரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மதியம் கடற்கரைப் பக்கம் ஒரு லாட்ஜில் சர்வீஸ் இருந்தது. அதற்குள் என் மனைவி ஆபரேஷன் அறைக்குள் இருந்தாள்.

அவளுக்கு அம்மா இல்லை, எனக்கும் இல்லை. பிரசவம் என்றால் வந்து நிற்க எங்களுக்கு இருந்தவள் என் அக்கா ஒருத்திதான். பாகூர் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவளும் அவள்தான். அவளுக்கு இரண்டு பையன்கள், இருவரும் வேலைக்குப் போகிறார்கள். போன் பண்ணினேன். எத்தனாவது மாசம் என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டாள். எட்டு என்றேன். வரேன் என்று மட்டும் சொன்னாள்.

மகளை உள்ளே பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சின்ன முனகல் வந்தது. விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். மனைவிக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் பிரஷர் இறங்கவில்லை. அவள் வேறு மாடியில், வேறு வார்டில், கையில் மருந்து ஏறிக்கொண்டு படுத்திருந்தாள். குழந்தையை அவள் இன்னும் பார்க்கவே இல்லை. நான் இரண்டு மாடிக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். மேலே போகும்போதெல்லாம் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள், அழுதாளா என்று. அழுதாள் என்பேன். உண்மையில் நான் பார்த்த நேரத்தில் மகள் அழவே இல்லை.

குழாயை எடுத்த பிறகு அந்த சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, அம்மா வர முடியலன்னா என்ன, நீங்க இருக்கீங்க இல்ல, சட்டையக் கழட்டிட்டு வாங்க என்றார். எனக்குப் புரியவில்லை. குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும், உடம்புச் சூடு தங்குவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை என்று விளக்கினார். உள்ளே நாலைந்து தாய்மார்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே வெற்றுடம்போடு உட்காருவதை நினைத்தால் கூச்சமாக இருந்தது. சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன், நெஞ்சைக் கழுவினேன், ஆயில் வாடை இருக்குமோ என்று மறுபடி கழுவினேன். சாய்ந்தாற்போல ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலையில் தொப்பியும் இடுப்பில் நாப்கினும் மட்டுமாக மகளை என் நெஞ்சில் வைத்து, காலைத் தவளை மாதிரி மடக்கி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மேலே துணி போட்டுக் கட்டினார் சிஸ்டர். கழுத்து மடங்கினால் மூச்சு அடைக்கும், மூக்கு எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றார்.

எனக்கு அசையப் பயமாக இருந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் அவள் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எழவில்லை. அவ்வளவு சத்தத்திலும் தூங்கினாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

குழந்தைக்குச் சூடு போதுமா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். வயிற்றைத் தொடணும், பாதத்தைத் தொடணும். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாக இருந்து பாதம் சில்லென்று இருந்தால் குளிர ஆரம்பித்துவிட்டது, உடனே நெஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுமே சில்லென்று இருந்தால் எதையும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வாருங்கள். நான் உள்ளங்கையால் தொட்டேன். பல வருஷமாகத் தாமிரக் குழாயும் ஸ்பேனரும் பிடித்துக் காய்த்துப்போன கை. ஒன்றும் தெரியவில்லை. சிஸ்டர் என் கையைத் திருப்பி, புறங்கையால் தொட்டுப் பாருங்க என்றார். அப்போதுதான் அவளுடைய பாதம் எனக்குத் தெரிந்தது.

வெளியே வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாருக்கோ துணைக்கு வந்திருந்த ஒரு அம்மாள். எந்த மாசத்துல பொறந்தது என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார். சொன்னேன்.

"ஏழாம் மாசமா இருந்தாக்கூட தங்கிடும். எட்டாம் மாசந்தான்..." என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இதை நானும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை நிற்காது என்று கிராமத்தில் சொல்வார்கள். அப்படியெல்லாம் கிடையாது, வயிற்றில் ஒரு வாரம் கூட இருந்தாலும் அது லாபம்தான் என்று பிறகு சிஸ்டரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டேன். தெளிந்தும் என்ன, அந்த அம்மாள் முடிக்காமல் விட்ட வாக்கியம் என் காதிலேயே இருந்தது. அக்கா ஏதாவது சொல்லி அவரை அடக்குவாள் என்று எதிர்பார்த்துத் திரும்பினேன். அவள் எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

உள்ளே போய்க் குழந்தையைப் பார்க்க அக்காவுக்கு அனுமதி வாங்கிக்கொடுத்தேன். நீ பாத்துட்ட இல்ல, போதும் என்றாள். எனக்கு அது சுருக்கென்றது.

ஒருவழியாக மனைவிக்குப் பிரஷர் இறங்கியது. மகளுக்கு மூச்சு சீரானது. இறங்கிக்கொண்டே போன எடையும் நின்றது. வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில் சிஸ்டர் எங்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் எங்கள் கையாலேயே செய்ய வைத்தார். என் மனைவி பால் பீய்ச்சினாள். மகளால் சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றாகச் செய்ய முடியவில்லை. நாலு தரம் சப்பிவிட்டு அசந்துவிடுவாள். மீதியைச் சங்கு போன்ற பாலாடையால் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். வெயில், மழை எதுவானாலும் தொப்பி இருக்க வேண்டும். கூட்டம் கூடாது, இருமலோடு யாரும் பக்கத்தில் வரக் கூடாது. பள்ளியில் பிள்ளைகளை ஒப்பிக்க வைக்கிறவள் அன்று தானே ஒப்பித்தாள்.

கடைசியாக சிஸ்டர் சொன்னதுதான் எங்கள் இருவர் மனதிலும் பதிந்தது.

"பசிச்சா அழும்னு காத்துட்டு இருக்காதீங்க. இந்தக் கொழந்தைங்களுக்குப் பசிச்சாலும் அழறதுக்குத் தெம்பு இருக்காது. நீங்கதான் எழுப்பி எழுப்பிக் குடுக்கணும். தூங்கறதெல்லாம் தூக்கம்னு நெனச்சிடாதீங்க."

இன்னும் இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டுமே என்று கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க, போயிட்டு வாங்க என்று அவர் சிரித்தார். மஞ்சள் காமாலை பார்க்க உடனே ஒரு தரமும், அதற்கடுத்து இன்னொரு தரமும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். அக்கா முன்னாலேயே போய் வீட்டைத் துடைத்துக் கழுவி வைத்திருந்தாள். வாசலில் ஆலம் சுற்றினாள். சுற்றும்போது அவள் தட்டைத்தான் பார்த்தாள், குழந்தையைப் பார்க்கவில்லை. அது ஐப்பசி. வந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் எனக்கு வேலை குறைவு, அதனால் வீட்டிலேயே இருக்க முடிந்தது. ஜன்னல்களைச் சாத்தினோம், ஃபேனை நிறுத்தினோம். ஊர் வீடுகளையெல்லாம் குளிர வைத்துச் சம்பாதிப்பவன், என் வீட்டில் ஒரு துளிக் காற்று எங்கிருந்தாவது வருகிறதா என்று கதவிடுக்கில் துணி அடைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஆஸ்பத்திரியில் பயம் வந்தால் சிஸ்டரின் முகத்தைப் பார்ப்பேன். அவர் நிதானமாக இருந்தால் நானும் நிதானமாகிவிடுவேன். வீட்டில் அப்படிப் பார்க்க ஒரு முகம் இல்லை. மனைவி என்னைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன். மகள் வேகமாக நாலைந்து மூச்சு விடுவாள். பிறகு மூச்சே இருக்காது. என் விரலை அவள் மூக்கருகே கொண்டுபோவதற்குள் மறுபடி ஆரம்பிப்பாள். சின்னச் சின்ன இடைவெளி வரும், உதடு நீலமானாலோ நிறுத்தம் நீண்டாலோதான் ஆபத்து என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீளம் எது, குட்டை எது? அந்த இடைவெளியில் எனக்கு எல்லாமே நீளமாகத்தான் இருந்தது.

கீழ் வீட்டு அம்மா படியேறி வந்து வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்தார்கள். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: நல்ல புள்ள, அழற சத்தமே கேக்கலியே, குடுத்து வெச்சவங்க. என் மனைவி சிரித்து வைப்பாள். அவர்கள் போனதும் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டி எழுப்புவாள். ஒவ்வொரு முறையும் எழுப்புவதற்கே பாதி நேரம் போனது. துணியைப் பிரித்து, காலைத் தேய்த்து, காதைத் தடவி, ஈரப் பஞ்சால் நெற்றியைத் துடைத்து, கண்ணைத் திறக்க வைத்து, பாலைக் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த முறைக்கு நேரம் நெருங்கிவிடும்.

அக்கா ஓய்வே எடுக்கவில்லை. தாய்ப்பால் ஊறட்டும் என்று மழையில் வைத்திக்குப்பத்துக்குப் போய்ப் பால்சுறா மீன் வாங்கி வந்து புட்டு செய்தாள். பூண்டு வதக்கினாள். காயாத துணிகளை இஸ்திரி போட்டுக் காய வைத்தாள். ஆனால் குழந்தையைத் தூக்கவில்லை. பாயருகே வந்து நிற்பாள். துணி விலகியிருந்தால் என் மனைவியைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்வாள். நல்ல பிள்ளை என்று ஒருமுறைகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. என் மனைவிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அண்ணிக்குப் பொண்ணு பொறந்தது புடிக்கலையா என்று ஒரு நாள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அப்படிப்பட்டவள் இல்லை என்றேன்.

முதல் முறை காமாலை பார்த்தபோது அளவு, சிகிச்சை தொடங்க வேண்டிய கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. ஏறலாம், கவனமாக இருங்கள், ஒரு நாள் விட்டுக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பினார்கள்.

அந்த இடைநாளில் விடிந்ததிலிருந்தே கனமழை. கரண்ட் இல்லை. வீடு பகலிலேயே இருண்டு கிடந்தது. என் மனைவி குழந்தையை எழுப்பிக்கொண்டிருந்தாள். நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிட அதிக நேரமாகக் காலைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் கூப்பிட்டாள். குரல் உயரவே இல்லை.

"ஏங்க, இவ எழுந்திரிக்க மாட்டேங்கறா."

போய்ப் பார்த்தேன். ஒரு தரம் கண்ணைத் திறந்தாள். கண் எதையும் பார்க்காமல் மூடிக்கொண்டது. பாலாடையிலிருந்து விட்ட சொட்டு உதட்டோரமாக வழிந்து கழுத்துக்குப் போனது. கையைத் தூக்கி விட்டால் துணி மாதிரி விழுந்தது. புறங்கையால் பாதத்தைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. வயிற்றைத் தொட்டேன். வெதுவெதுப்பு இருக்கிறதா இல்லையா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்து, சிஸ்டர் காட்டியபடி மார்பில் விரலால் அழுத்தி எடுத்தேன். மஞ்சள். தொடையில் அழுத்தினேன், அங்கேயும் மஞ்சள். பாதம் வரை போயிருந்தது.

அக்கா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். பிறகு நேராக வந்து என் கையிலிருந்து குழந்தையை வாங்கினாள். அன்றுதான் முதல் தடவை. பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"கெளம்பு. துணிமணியெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம். கெளம்புடா."

வார்டுக்குப் போன் செய்தேன். வேறொரு சிஸ்டர் எடுத்தார். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு உடனே வாருங்கள் என்றார். சட்டையின் பித்தான்களைப் பிரித்து மகளை உள்ளே வைத்தேன். அக்கா தன் உலர்ந்த புடவை ஒன்றை எங்கள் இருவரையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினாள். அக்காவின் குரல் கேட்டு, கீழ் வீட்டு அம்மா அதற்குள் தெருமுனை ஆட்டோக்காரரை அழைத்து வந்திருந்தார்.

ஈசிஆர் சாலையில் முழங்கால் தண்ணீர், வண்டி நின்றுவிடும் என்று ஆட்டோக்காரர் லாஸ்பேட்டை வழியாகச் சுற்றிப் போனார். அங்கேயும் குழி எது சாலை எது என்று தெரியவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் மனைவி தையலை ஒரு கையால் அழுத்திக்கொண்டாள், சத்தம் போடவில்லை. அக்கா ஆட்டோவின் பக்கவாட்டுப் படுதாவைப் பிடித்துச் சாரலை மறைத்துக்கொண்டு வந்தாள். நான் குனிந்து மகளின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நெஞ்சின் மேல் ஏதோ அசைவு இருந்தது. அது அவள் மூச்சா, வண்டியின் ஆட்டமா என்று தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க முடியாமல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். இன்ஜினையும் நிறுத்துங்க அண்ணே என்றேன். நிறுத்தினார். கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும். மனைவி என்னைக் கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமோ என்கிற பயம் அவளுக்கு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எத்தனை நேரம் என்று சொல்ல முடியாது. ஒரு பூனைக்குட்டி புரண்டு படுக்கிற அளவுக்கு என் விலாவின் மேல் அவள் விலா ஒருமுறை எழும்பியது. பிறகு இன்னொருமுறை.

"போலாம்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் பழைய சிஸ்டர்தான் இருந்தார். என் சட்டைக்குள்ளிருந்து குழந்தையை எடுத்தார். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. காமாலை அளவு கோட்டைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. கையில் நரம்பு கிடைக்கவில்லை, தலையில் ஊசி போட்டார்கள். கண்ணுக்குத் துணி கட்டி நீல விளக்குக்குக் கீழே படுக்கவைத்தார்கள். டாக்டர் எங்களை அழைத்து நிதானமாகச் சொன்னார். இப்படிக் குறைமாதத்தில் பிறக்கிற குழந்தைகள் திரும்பி வருவது உண்டு. களைப்பில் பால் குடிப்பது குறையும், குறைந்தால் மஞ்சள் ஏறும், மஞ்சள் ஏறினால் இன்னும் தூக்கம் வரும். விளக்கில் குறையாவிட்டால் ரத்தம் மாற்ற வேண்டியிருக்கும். மூளையையும் காதையும் பாதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றும் சொன்னார். அது எதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை. காது என்று சொன்னாரே, மூளை என்று சொன்னாரே, அதுதான் திரும்பத் திரும்ப ஓடியது.

வெளியே நாற்காலியில் மூவரும் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தோம். அக்கா பேச ஆரம்பித்தாள். எங்கள் இருவரையும் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசினாள். அவளுக்குக் கல்யாணமாகி மறு வருஷம், பெரியவனுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான். எட்டாம் மாதம். பார்க்க முழுசாக இருந்தான். வீட்டிலேயேதான் பிரசவம். அப்போது அந்த ஊரில் இதையெல்லாம் சொல்லித்தர ஆள் இல்லை.

"அழவே மாட்டான். ஊரே நல்ல புள்ள, நல்ல புள்ளன்னுச்சு. நானும் தூங்கட்டும்னு வுட்டுட்டேன். ஒரு நா மத்தியானம் பால் குடுக்க எழுப்பப் போனேன்."

ஈர முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உன் பொண்ணு மொகத்தப் பாத்தா எனக்கு அவன் மொகந்தான் தெரியுது, என் கை பட்டு இதுக்கும் எதாவது ஆயிடுமோன்னு இருந்துச்சு என்றாள்.

எனக்கு அந்த வருஷம் நினைவிருந்தது. நான் பள்ளிக்கூடப் பையன், அம்மா அப்போது இருந்தாள். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து பல நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். விஷக்காய்ச்சல், கிட்டப் போகாதே என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் இத்தனை வருஷம் அதைக் காய்ச்சல் என்றே நினைத்திருந்தேன். என் மனைவி எழுந்து போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். உள்ளேயிருந்து யாராவது கூப்பிடுகிறார்களா என்று மூவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன். ஒவ்வொரு முறையும் வேறு யாரையோ கூப்பிட்டார்கள்.

சர்க்கரை முதலில் ஏறியது. காமாலை உடனே இறங்கவில்லை, ஆனால் ஏறவும் இல்லை. மறுநாள் கொஞ்சம் இறங்கியது. ரத்தம் மாற்ற வேண்டாம் என்றார்கள். முதலில் குழாயில் பால், பிறகு பாலாடையில். விளக்கிலிருந்து சற்று நேரம் எடுக்கலாம் என்று ஆனபோது சிஸ்டர் வெளியே வந்தார். என் மனைவி, தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்திருந்ததால், மருந்து கட்டப் போயிருந்தாள். எனக்கு ஜலதோஷம், நான் உள்ளே போகக் கூடாது. குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள் என்று சிஸ்டர் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். சிஸ்டர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கை கழுவிட்டு வாங்கம்மா என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா போனாள்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரவிக்கையைத் தளர்த்தி அவள் மார்பில் குழந்தையை வைத்துத் துணியால் கட்டினார்கள். அக்கா சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண்ணைக்கூட இமைக்கவில்லை. சிஸ்டர் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். நீங்க மூச்சு வுடலாம்மா, கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது என்று சொன்னதாக அக்கா பிறகு சொன்னாள். முறை முடிந்து எடுக்க வந்தபோது, இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று அக்கா கேட்டாளாம்.

இரண்டாம் முறை வீட்டுக்கு வந்தபோது பயம் குறைந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் இப்போது பயப்பட மூன்று பேர் இருந்தோம். ஒருத்தர் எழுப்ப, ஒருத்தர் பால் கொடுக்க, ஒருத்தர் தூங்க என்று பிரித்துக்கொண்டோம். போனில் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா ஊருக்குத் தகவல் சொல்லிவிட்டாள், நடவை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று. வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் மகள் எங்கள் மூவரில் ஒருவர் நெஞ்சில் இருந்தாள்.

பிறகு ஒரு காலை, அலாரம் அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அறையிலிருந்து அழுகை கேட்டது. முனகல் இல்லை, நிஜமான அழுகை, தெருவுக்கே கேட்கிற மாதிரி. குளித்துக்கொண்டிருந்த நான் பாதியில் ஓடி வந்தேன், அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள், மகளை நெஞ்சில் வைத்துச் சாய்ந்திருந்த மனைவி பதறி நிமிர்ந்திருந்தாள். என்ன ஆச்சு என்று மூவரும் அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. பசித்திருக்கிறது, அழுதிருக்கிறாள். அதைப் புரிந்துகொள்ள எங்களுக்குச் சற்று நேரமாயிற்று. என் மனைவி அவளை எடுத்துப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். கொடுக்கும்போது அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று நான் கேட்கவில்லை.

பாக்கி இருந்தது காது. கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் சரியாகச் சோதிக்க முடியும் என்று தேதி கொடுத்திருந்தார்கள். அதுவரை நான் அவள் முதுகுக்குப் பின்னால் கை தட்டினேன், டம்ளரை உருட்டினேன், கதவைச் சாத்தினேன். சில நேரம் திடுக்கிட்டாள், சில நேரம் கண்டுகொள்ளவே இல்லை. கண்டுகொள்ளாத நேரங்கள்தான் எனக்கு நினைவில் தங்கின. மனைவி ஒரு கட்டத்தில் எரிச்சலாகி, போதும், விடுங்க, அவளும் பயந்துடப் போறா என்றாள்.

சோதனை நாளில் மகளைத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, சத்தம் புகாத அறையில் வைத்தார்கள். மனைவி மட்டும் கூடப் போனாள். நானும் அக்காவும் வெளியே இருந்தோம். அக்கா புடவை முந்தானையின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். கதவு திறந்து, சோதனை செய்த பெண் வந்து, ரெண்டு காதும் நல்லா இருக்கு, ஆறு மாசம் கழிச்சு ஒரு தரம் வாங்க என்றார். அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்து, நல்லா கேக்குதாம்மா என்று மறுபடி கேட்டாள். நல்லா கேக்குதும்மா என்று அவர் மறுபடி சொன்னார்.

அக்கா அன்றே ஊருக்குக் கிளம்பினாள். வயலில் களையெடுப்பு ஆரம்பித்துவிட்டது, இதற்கு மேல் தங்க முடியாது என்றாள். பஸ் ஸ்டாண்டில் பாகூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு, குழந்தையை ஒருமுறை கொடு என்று கை நீட்டினாள். கண்டக்டர் விசில் அடிக்கும் வரை வைத்திருந்தாள். அவளுக்கு இருமல் வந்தா ஒடனே போன் பண்ணு, தானா சரியாப் போவும்னு உக்காந்திருக்காத என்று சொல்லிவிட்டுக் கொடுத்தாள். பஸ் நகர்ந்தது. நாங்கள் இருவரும் மகளோடு வெயிலில் நடந்து ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தோம். அன்று மதியம் எங்கள் மூவருக்கும் நல்ல தூக்கம்.